எதிர்பாராச் செல்வமும் நட்பும்

புதையலாலோ பரிசுச்சீட்டாலோ ஒருவன்பால் எதிர்பாராத பெருஞ்செல்வம் வந்துறுமாயின், அவன் நட்பும் சுற்றமும் முன்போல் நில்லாமை கண்கூடு. பெற்றவன், தன்னை நாடி வருவாரெல்லாம் பொருள் கருதியே வருகின்றனரென ஐயுறுகின்றான். பழைய நண்பனோ, உரிமையோடு சென்றால் இரவலனென எண்ணப்படுவேனோ என நாணி அகல்கின்றான். அன்றேல், கேட்டது பெறாவிடத்துச் சினக்கின்றான். இக்குற்றம் யாருடையது?

பொருளினுடையது என்பர் பலர். அது பொருந்தாது. என்னை? பொருள் சடம், தானே ஒன்றனைச் செய்யும் ஆற்றல் அதற்கில்லை. மாயையின் காரியங்கள் உயிர்க்கு விளக்குப்போல் உதவ அமைந்தன என்பதே சித்தாந்தத் துணிபு. விளக்கு வந்தபின் வீட்டிலுள்ள மாசு தோன்றுமாயின், அம்மாசினை விளக்குத் தந்ததாகாது. 'யான்', 'எனது' என்னும் ஆணவச் செருக்கு வறுமைக்கண் அடங்கிக் கிடந்து, செல்வம் வந்துழி வெளிப்படுகின்றது. சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதாகிய உயிர், பொருளைச் சார்ந்து பொருளேயாகி, நண்பனையும் பொருளால் அளக்கத் தலைப்படுகின்றது. நண்பனுள்ளத்து எழும் அழுக்காறும் அம்மலத்தின் செயலே.

இதற்கு மறுதலையாய நிலையைத் திருவீழிமிழலையிற் காண்க. வற்கடக் காலத்து அடியார் வருந்தாமைப்பொருட்டு, ஞானசம்பந்தர்க்கும் நாவரசர்க்கும் இறைவன் நாடோறும் ஒவ்வொரு காசு அளித்தருளிய வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைத்தார். நாவரசர் பெற்ற காசு வாசியின்றிச் செலவாயிற்று. பிள்ளையார் பெற்றதோ வாசி கொடுத்து மாற்ற வேண்டியிருந்தமையின், அவர் திருமடத்தில் அமுது தாழ்த்தது. காரணம் வினவியறிந்த பிள்ளையார், அஃது அரசர் ஆற்றும் கைத்தொண்டின் பயனெனத் தெளிந்தார். தம் காசின் வாசி தீர இறைவனைப் பாடி வேண்டினார். ஒருவர்க்கு நற்காசும் மற்றவர்க்குக் குறைகாசும் வந்தும், அவர்தம் கேண்மையில் ஒரு சிறு வடுவுமில்லை. என்னெனின், வந்த காசினை இருவருமே தமதெனக் கொண்டிலர். அடியார் பசிக்கு வந்ததெனக் கொண்டனர்.

அற்றேல், அருளாளர்க்கு எளிதாகிய இது ஏனையோர்க்கு ஆகுமோவெனின், அவர் நிலை அரிதேயாயினும் அவர் சென்ற நெறி யாவர்க்கும் உரியது. வந்த செல்வத்தைப் பிறர்பொருட்டுத் தன்பால் வைக்கப்பெற்றதாக எண்ணுவானுக்கு, வருவோர்பால் ஐயுறுதற்கு இடமில்லை. நண்பனது பேற்றை அவன் தொண்டின் பயனென உவப்பானுக்கு அழுக்காறும் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கு கூடியவிடத்துச் செல்வம் நட்பினை முறியாது, வளர்க்கும் என்க.