கழற்றிய ஃபில்டரும் மறதியின் குற்றமும்

ஆயில் மாற்றிய லாரியில் ஃபில்டர் கசிந்தால், பல சமயம் பழி புது ஃபில்டர் மேல் விழுகிறது. உண்மையில் தவறு பழையதைக் கழற்றும்போதே நடந்திருக்கும். அதன் ரப்பர் வாஷர் சூட்டில் இறுகி இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொள்கிறது. ஆயில் படிந்து கறுத்த இடத்தில் கறுப்பு வளையம் கண்ணில் படாது. அதன் மேலேயே புதியதை ஏற்றினால் இரண்டு வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். கைக்கு எல்லாம் சரியாகவே படும். ஸ்டார்ட் செய்து ஆயில் பிரஷர் ஏறியதும் வாஷர் பிதுங்கும். சில நிமிடங்களில் ஆயில் தரையில் கொட்டிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

மெக்கானிக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பழைய வாஷர் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. தெரியாமல் நேர்ந்ததற்கு ஒருவரைக் குற்றம் சொல்லலாமா?

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். அறியாமை மன்னிக்கத்தக்கதாகலாம், ஆனால் அந்த அறியாமைக்கே ஒருவர் காரணமென்றால் மன்னிப்பு இல்லை. குடிபோதையையும் கவனக்குறைவையும் அவர் இந்த வகையில் வைக்கிறார். திருக்குறள் இன்னும் நெருங்கி வருகிறது. அதன் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை, மகிழ்ச்சி மிகுதியில் வரும் மறதியை அளவு கடந்த சினத்தைவிடத் தீயதாக வைக்கிறது. அரசனை முன்வைத்துச் சொன்னதுதான். ஆனாலும் பட்டறைக்கு அப்படியே பொருந்தும். புதிதாகத் தொழில் பழகும் பையன் பயந்து பயந்து இரண்டு முறை பார்ப்பான். நூறு ஃபில்டர் மாற்றிய கைதான் பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போகும். தேர்ச்சி தரும் நிறைவே மறதிக்கு இடம் கொடுக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பேர் பார்க்காமல் விடுகிறார்கள். ஒருவருக்கு வாஷர் ஃபில்டரோடு வந்துவிடுகிறது, மற்றவருக்கு ஒட்டிக்கொள்கிறது. இருவர் குற்றமும் ஒன்றுதானா? 1976இல் தத்துவ அறிஞர்களான பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதை ‘அறவியல் அதிர்ஷ்டம்’ என்ற பெயரில் விவாதித்தார்கள். பிரேக்கைச் சரிபார்க்காத லாரி ஓட்டுநர் ஒருவரே நேகல் காட்டும் உதாரணம். குற்றத்தையும் கடனையும் பிரித்துப் பார்த்தால் சிக்கல் பாதி தீர்கிறது. பார்க்காமல் விட்ட குற்றத்தில் இருவரும் சமம். கொட்டிய ஆயிலுக்கும் கெட்ட இன்ஜினுக்கும் ஈடு செய்யும் கடன் மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது. தப்பித்தவர் தம்மை நிரபராதி என்று எண்ணிக்கொள்ள இதில் இடமே இல்லை.

இந்தக் குற்றம் முழுவதும் தவிர்க்கக்கூடியது, அதனாலேயே அது குற்றம். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி வாஷர் அதிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சில நொடிகள் போதும். இன்ஜின் பக்கத்துப் பரப்பைச் சுத்தமான துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவினால் கண்ணுக்குத் தப்பியதும் சிக்கிவிடும். புது வாஷரில் புது ஆயிலைத் தடவிக் கையால் திருகவேண்டும். வாஷர் இன்ஜின் பரப்பைத் தொட்ட பிறகு பெரும்பாலும் முக்கால் சுற்று முதல் ஒரு சுற்று வரை, ஃபில்டரின் மேல் அச்சிட்டபடி. கசிந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனர் போட்டு முறுக்குவதும் வாஷரை நசுக்கிக் கசிவையே வரவழைக்கும். பயம் வேறு, கவனம் வேறு. பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபில்டரைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்து, நிறுத்திச் சற்றுப் பொறுத்து ஆயில் அளவைப் பார்த்த பின்பே லாரி பட்டறையை விட்டுக் கிளம்பவேண்டும்.