எழுதுவோனின் ஆசனம்

எழுதுவதற்குத் தனியிடம் வேண்டுமா? வட அந்தமானின் திக்லிபூரில் 732 மீட்டர் உயர்ந்த சேடில் சிகரத்தையும் நீலக் கடலையும் காண்பவருக்கு, இங்கு அமர்ந்தால் எழுத்து தானே ஊறும் என்று தோன்றும்.

ஆனால் அதே தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில்தான் செல்லுலார் சிறை நிற்கிறது. 1911-இல் அங்கு அடைக்கப்பட்ட சாவர்க்கர், தாளும் எழுதுகோலும் இன்றிச் சுவரில் கீறிக் கவிதை எழுதி, அதை மனனம் செய்தார். மாண்டலே சிறையில் திலகர் 1910-11 குளிர்காலத்தில் பென்சிலால் ‘கீதா ரகசியம்’ எழுதினார். வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையில் ‘மெய்யறம்’ இயற்றினார்.

அப்படியாயின் இடமும் நியமமும் வீணா? அல்ல. தூய இடத்தில், மிக உயராமலும் தாழாமலும் நிலையான ஆசனம் அமைக்குமாறு கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. உடனே, அதில் அமர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்தவும் பணிக்கிறது. ஆசனம் துணை, ஒருமையே நோக்கம்.

திக்லிபூரை அடுத்த காளிப்பூர்க் கரைக்குக் கடலாமைகள் ஆண்டுதோறும் வருகின்றன. இரவில் குழி தோண்டி, முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. கரை அவற்றுக்குத் தேவை. ஆனால் அவை கரையில் தங்குவதில்லை.

நமக்கும் ஒரு பாய், ஒரு விளக்கு, குறித்த நேரம், சிறு பிரார்த்தனை போதும். மனத்தைக் குவிக்கும்வரை அவை சாதனம். அவையின்றி எழுத இயலாது என்னும்போது அவையே தளை. வசதியான அறைக்காகக் காத்திருந்து கழியும் நாட்கள் மீண்டும் வாரா. விளக்கில்லாத நாளிலும் பணி நடக்கிறதா என்று நம்மை நாமே கேட்போம். நம் நியமத்திற்கு அதுவே உரைகல்.