வீட்டிற்குள் ஓர் அந்நியக் கண்

பிறர் வீட்டு வாசலில் நின்று, ஸலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. பார்க்கக் கூடாதது கண்ணில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு என்பதை ஹதீஸ்கள் தெளிவாக்குகின்றன.

இன்றோ, காலடி வைக்காமலே வீட்டிற்குள் நுழையும் கண்கள் வந்துவிட்டன. வாசல் மணியிலும் அறைச் சுவரிலும் பொருத்தப்படும் கேமராக்கள் பல, தாம் பதிவு செய்வதை இன்டர்நெட் வழியே கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிவிடுகின்றன. அமெரிக்காவின் 'ரிங்' கம்பெனி ஊழியர் ஒருவர், பெண்கள் தம் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் வைத்திருந்த கேமராக்களின் பதிவுகளை 2017-ல் ஆயிரக்கணக்கில் பார்த்தார் என அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றஞ்சாட்டியது. 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்பி, கம்பெனி வழக்கைத் தீர்த்துக் கொண்டது.

"விரும்பித்தானே வாங்கி மாட்டினோம்?" என்று சிலர் கேட்கலாம். விரும்பியவர் குடும்பத் தலைவர் ஒருவரே! மனைவி மக்கள், வேலைக்கார அம்மா, விருந்தாளி, எதிர்வீட்டார் ஆகியோரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? அவர்களுடைய மானம் அவரிடமுள்ள அமானிதமன்றோ!

திருடனிடமிருந்து பொருளைக் காப்பது தவறன்று. பொருளைக் காக்கப் போய் மானத்தை இழப்பதே தவறு. ஆகவே கேமரா வாசலோடு நிற்கட்டும். அண்டை வீட்டை அது நோக்க வேண்டாம். பாஸ்வேர்டு பிறர் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். வருவோருக்கு, கேமரா இருப்பதை முன்னரே சொல்லிவிடுவோம்.

அனுமதி கேட்கும் விருந்தாளியை வாசலில் நிறுத்தும் நாம், கேளாமல் நுழையும் கண்ணுக்குக் கதவைத் திறந்து வைக்கலாமா? சிந்திப்போமாக!