ஊர் வாயும் நம் வாயும்

அய்யா துணை



பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் நாம் காண்பது ஒரு கண்ணாடி. இரு பக்கமும் விளக்கு எரியும். நடுவே நம் முகம் தெரியும். இறைவனைத் தேடி வந்தவனுக்கு அய்யா அவனையே காட்டி, உனக்குள் நான் இருக்கிறேன் என்று உணர்த்துகிறார். ஆனால் நாம் வெளியே வந்து நாலு எட்டு வைக்குமுன், "அவர் என்ன நினைத்தாரோ, இவர் ஏன் அப்படிப் பார்த்தாரோ" என்று பிறர் கண்ணில் நம் முகத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

அடியேன் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்த நாட்கள். அன்னதர்மத்துக்கு வீட்டுக்கு வீடு அரிசி வந்துகொண்டிருந்தது. வயதான அம்மை ஒருவர் ஓலைப்பெட்டியில் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொட்டினார். கூலி வேலை செய்து மிச்சம் பிடித்த அரிசி. அந்த நேரம் நான் விறகுக் குவியலைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று அலுத்துக்கொண்டேன். அம்மை வெறும் பெட்டியோடு பேசாமல் போனார். அதன்பின் இரண்டு வருடம் தாங்கலுக்கு வரவில்லை.

காரணம் அவருடைய பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். "விறகையா சொன்ன மக்களே? நான் ராத்திரி படுத்தா அந்தச் சொல்லுதான் காதுல கேட்டுட்டே கிடந்துது" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பணிவிடைக்கு வந்துவிட்டார். ஆனால் போன இரண்டு வருடத்தை யார் திருப்பித் தர முடியும்?

அந்த அம்மை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என் பிழையோ இரண்டு. யார் காதில் விழும் என்று பாராமல் சொல்லை வீசினேன். அவர் வராததைக் கண்டும், "வயதாகிவிட்டது, நடக்க முடியாது போலும்" என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் என் மனதை ஊகித்தார். நான் அவர் நிலையை ஊகித்தேன். இடையில் நின்று சிரித்தது கலி. கலி வெளியே ஆயுதத்தோடு வரும் பகைவன் அல்ல. மனதுக்குள் மாயையாய் இருந்து, இல்லாததை உண்டு என்று காட்டுவது.

அய்யாவைப் பாருங்கள். கொல்லம் 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலில் வைகுண்டமாய் அவதரித்து வந்தவரை ஊர் ஏசாத ஏச்சு உண்டா? அன்றைய திருவிதாங்கூரில் தலைப்பாகை கட்ட உரிமை மறுக்கப்பட்ட மக்களிடம், தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வணங்கச் சொன்னார். உயர்ந்தவர் என்ன சொல்வார் என்று அவர் எண்ணியிருந்தால் இன்று நம் தலையில் அந்தத் துணி இருக்குமா? அரசன் அவரைச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தான். அங்கே பட்ட பாடுகளை அகிலத்திரட்டில் கேட்கிறோம். அத்தனையையும் பொறுத்தார். ஊர் வாய்க்கு அஞ்சித் தன் வழியை மாற்றவில்லை. ஏசியவரைப் பதிலுக்கு ஏசவுமில்லை. இரண்டும் சேர்ந்ததே பொறுமை. பிறர் சொல்லுக்கு அஞ்சேன் என்று சொல்லிக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசுவது பொறுமையில் சேராது.

துவையல் பந்தியில் நம் முன்னோர் நாள்தோறும் கடலில் குளித்துத் துணி துவைத்தார்கள். உடல் அழுக்கோடு மன அழுக்கும் போகவே அந்தத் தவம். சொல்லுக்கும் துவையல் வேண்டும் மக்களே. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் எதிரே நின்றால் இதே சொல்லைச் சொல்வோமா என்று பேசுமுன் பார்ப்போம். பொருளைக் குறை சொன்னால் எந்தப் பொருள் என்று விளங்கச் சொல்வோம். இல்லாதவன் கொண்டுவந்த தர்மத்தின் முன்னே அளவைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். ஒரு சொல் மனதில் தைத்தால், ராத்திரியெல்லாம் அதைப் புரட்டாமல், விடிந்ததும் போய், "நீங்கள் சொன்னது என்னையா?" என்று தன்மையாய்க் கேட்போம். வழக்கமாய் வருகிறவர் நாலு வாரம் வராவிட்டால், அவர் வீட்டு வாசலுக்கு நாம் போவோம்.

அடுத்த முறை கண்ணாடி முன் நிற்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்; வாயையும் பாருங்கள். இன்று அதிலிருந்து புறப்பட்ட சொல் யார் வீட்டில் தூங்காமல் கிடக்கிறதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, நெற்றியில் நாமம் இடுங்கள்.

அய்யா உண்டு.