கண்ணுக்கு எட்டாத கணமும் குற்றமும்

மனிதன் தான் செய்யும் செயலைத் தானே அறிவான் என்ற நம்பிக்கையின் மீதே ஒழுக்கவியலின் பெரும்பகுதி கட்டப்பட்டுள்ளது. ஒருவனைப் புகழ்வதும் பழிப்பதும் இந்நம்பிக்கை நிலைக்கும் வரையிலேயே பொருளுடையனவாகும். மிகவிரைவு ஒளிப்படம் இதனை எவ்வாறு அசைத்தது என்பதைக் கொல்ப் விளையாட்டைக் கொண்டு ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம்; அது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் காரணமற்றதுமன்று. ஆயினும் இவ்வினா இத்துணைத் தெளிவாக எழும் வேறொரு களத்தைக் காண்பது அரிது.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஹரல்ட் எட்ஜேர்ட்டன், கண நேரமே மின்னி மறையும் விளக்குகளைக் கொண்டு 1930களில் விரைவான இயக்கங்களைப் படம்பிடித்தார். இருளில் கமராவின் கண் திறந்தபடியே இருக்கும். விளக்கு ஒழுங்கான இடைவெளியில் மீண்டும் மீண்டும் மின்னும். ஒவ்வொரு மின்னலும் ஒரே படத்தில் ஓர் உருவைப் பதிக்கும். 1938இல் அவ்வாறு எடுக்கப்பட்ட படங்களில் பொபி ஜோன்ஸ், டென்ஸ்மோர் ஷூற் போன்ற வீரர்களின் வீச்சு விசிறிபோல் விரிந்து கிடக்கின்றது. விறைப்பானதெனத் தோன்றும் கோலின் தண்டு வளைவதையும், கடினமான பந்து அடிபடும்போது நசுங்குவதையும் இத்தகைய படங்கள் காட்டின.

கோலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 0.0005 செக்கன் மட்டுமே. கீழ்நோக்கிய வீச்சு முழுவதுமே செக்கனில் நாலிலொரு பங்களவில் முடிந்துவிடும். கண்டு, எண்ணி, திருத்துவதற்கு அதனுள் இடமில்லை. அடியின் அதிர்வு கையிலிருந்து நரம்பு வழியே மூளையைச் சேர்வதற்குள், பலமாக அடிக்கப்பட்ட பந்து ஒரு மீற்றருக்கு மேல் சென்றிருக்கும். ஆகவே, பந்தைத் தொட்ட கணத்திலே கையை இன்னவாறு திருப்பியதாக ஒரு வீரன் கூறுவானாயின், அவன் பொய்யுரைக்கின்றான் எனல் பொருந்தாது. தான் அறிய இயலாத ஒன்றுக்கு அவன் நேர்மையுடன் சாட்சி சொல்கின்றான்.

கில்பேட் றைல் 1949இல் வெளியிட்ட நூலில், ஒன்றைச் செய்ய அறிதலையும் அதுபற்றி அறிதலையும் வேறுபடுத்தினார். அவ்வேறுபாடு இங்கு உதவுகின்றது. வீரனின் திறமை படத்தினால் குறைந்துவிடவில்லை. தன் திறமைபற்றி அவன் தரும் விளக்கமே ஆட்டம் காண்கின்றது. இவ்வளவில் நின்றிருந்தால் இது பயிற்றுநரின் சிக்கலாக மட்டும் இருந்திருக்கும். தீர்ப்பு வழங்குவதற்கும் படத்தைத் துணைக்கழைத்தபோதே அது ஒழுக்கச் சிக்கலாயிற்று.

1925ஆம் ஆண்டின் அமெரிக்கத் திறந்த போட்டியில், பொபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது. அதனைப் பிறர் எவரும் காணவில்லை. அவர் தம்மீது தாமே ஒரு தண்டனை அடியை விதித்துக்கொண்டார். அந்த ஓர் அடியினால் போட்டி சமநிலையில் முடிந்து, பின்னர் நடந்த ஆட்டத்திலே அவர் தோற்றார். 2016இல் பெண்களுக்கான அமெரிக்கத் திறந்த போட்டியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. வெற்றியாளரைத் தீர்மானிக்கும் மேலதிக ஆட்டத்தில், மணற்குழியிலிருந்து அடிக்கக் கோலைப் பின்னிழுத்த அன்னா நோட்குவிஸ்ற் சில மணற்றுகள்களைத் தொட்டுவிட்டார். அவர் அதனை உணரவில்லை. உருப்பெருக்கிய தொலைக்காட்சிப் படமே அதைக் காட்டியது. இரண்டு தண்டனை அடிகள் விதிக்கப்பட்டன, அவர் தோற்றார். ஜோன்ஸ் பிறர் காணாததைத் தாம் கண்டு ஒப்புக்கொண்டார். நோட்குவிஸ்ற் தாம் காணாததைப் பிறர் காட்ட ஏற்றுக்கொண்டார். இவ்விரண்டையும் 'விதி மீறல்' என்ற ஒரே சொல்லால் குறித்தல் தகுமா?

அறியாமையால் நிகழ்ந்ததை மனமார்ந்த செயலாகக் கொள்ளலாகாது என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் அறியாமலே தவறினான் எனச் சிலர் வாதிடலாம். ஆனால் அவனது அறியாமை விசாரணையால் நீங்கியிருக்கக்கூடியது. அதனாலேயே அது குற்றமாயிற்று. மணற்றுகளின் அசைவோ எத்துணைக் கவனத்தாலும் அறியப்பட முடியாதது. மனிதப் புலன்களின் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றுக்குத் தண்டனை விதிப்பது, மனிதனை அவனது உடலமைப்புக்காகவே தண்டிப்பதாகும்.

படத்தை மெதுவாக ஓட்டுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2016இல் கருசோ, பேர்ன்ஸ், கொன்வேர்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வின்படி, வன்செயலொன்றின் படத்தை மெதுவாக ஓட்டும்போது, செய்தவன் எண்ணித் துணிந்தே அதைச் செய்தான் என்று பார்ப்போர் கருதுவது அதிகரிக்கின்றது. காண்பவனுக்குக் கிடைத்த நேரம் செய்தவனுக்கும் கிடைத்ததென மனம் மயங்குகின்றது போலும். மைதானத்தில் இது ஒரு கிண்ணத்தை இழக்கச் செய்யலாம். நீதிமன்றத்தில் ஓர் உயிரையே இழக்கச் செய்யலாம்.

கொல்ப் விதிகளை வகுப்போர் 2017இல் இதற்கொரு வரம்பு கட்டினர். 2019இல் திருத்தப்பட்ட விதிகளிலும் அது இடம்பெற்றது. வெறுங்கண்ணால் நியாயமாகக் கண்டிருக்க முடியாததைப் படம் காட்டினாலும் அது மீறலாகக் கொள்ளப்படமாட்டாது. எனினும் இதற்கு ஒரு விலக்கும் உண்டு. கோல் மணலைத் தொட்டதை வீரர் கையால் உணர்ந்திருப்பாராயின், கண்ணுக்குப் புலப்படாதபோதும் அது மீறலே. ஆனால் அவர் உணர்ந்தாரா இல்லையா என்பதை எந்தக் கமராவாலும் படம்பிடிக்க இயலாது. கேட்கப்பட வேண்டியவர் மீண்டும் அவ்வீரரே.