உள்ளங்கையில் எழுதியது

அந்தப் பெண் உள்ளங்கையில் என்ன எழுதிக்கொண்டாள் என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு டீக்கடை. எங்கள் மென்பொருள் குழுவின் மூத்தவர் டம்ளர் டீயை ஆற்றிக்கொண்டே அவளிடம் சொன்னார்: “ஏங் கண்ணு, லூப்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்குப் போயிட்டு வர்றியே, எல்லாத்தையும் ஒரே தடவையில வாங்கியாந்துரலாமில்ல?” “சரிங்ணா” என்றவள், பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் ஏதோ கிறுக்கிக்கொண்டாள்.

அதே வாரம் வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டம். நானும் உடன் இருந்தேன். அவள் படிவத்தில் ஐந்துக்கு மூன்று, ‘செயல்திறனில் கூடுதல் கவனம் தேவை’ என்று ஒரு வரி. அதே குறைதான். மேசைமேல் அவள் நோட்டு விரித்தபடி இருந்தது, பேனாவும் இருந்தது. ஓர் எழுத்துகூட அவள் எழுதவில்லை. கை கழுவினால் போய்விடும் இடத்தில் எழுதத் தோன்றியவளுக்கு, நோட்டில் எழுத ஏன் தோன்றவில்லை?

நான் நாமக்கல்லில் வளர்ந்தவன். அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. சேஸிஸ் மட்டுமாக வரும் வண்டிக்குக் கேபினும் பாடியும் அங்கேதான் ஏறும். பள்ளி விட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மேஸ்திரி பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். ஓரிடத்தில் நிற்பார். “இங்க போல்ட்டு இளக்கமா இருக்குதப்பா.” அடுத்த நிமிடம் ஸ்பேனர் அங்கே இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் சோதனையும் காகிதமும் அதற்கு அப்புறம்தான். காகிதம் வண்டியை ரோட்டில் விடும். பட்டறைப் பையனுக்குத் தொழில் படிந்தது அந்தத் தட்டலில்.

திருச்செங்கோட்டில் கல்லூரியில் படித்தபோது மைக்கேல் ஃபேகன் பற்றி ஒரு பாடம் வந்தது. பாதிதான் நினைவிருக்கிறது. ஐ.பி.எம்.மில் இருந்தவர், நிரலை நான்கு பேர் உட்கார்ந்து வரிவரியாகச் சோதிக்கும் முறையை 1976-இல் கட்டுரையாக வெளியிட்டார். நடத்துபவர், வடிவமைத்தவர், எழுதியவர், சோதிப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. முழுக்க முழுக்க முறைப்படியான ஏற்பாடு. ஆனாலும் அங்கே அகப்படும் பிழைகளை ஊழியரை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். சம்பளத்தோடு முடிச்சுப் போட்டால் பிழை ஒளிந்துகொள்ளும். கூட்டத்தில் அந்த நோட்டு வெறுமையாகக் கிடந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் டீக்கடையே போதுமா? எங்கள் குழுவில் இன்னொரு பெண் டீக்கடைக்கு வருவதே இல்லை. வேலை முடிந்ததும் ராசிபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். அவளுடைய நிரலிலும் குறை உண்டு. அதை அவள் காதில் போட யாருக்கும் வாய்ப்பு அமைவதில்லை. அவளுக்குக் கிடைப்பது அந்தப் படிவத்து வரி ஒன்றுதான். நாளைக்குச் சம்பள உயர்வில் தகராறு வந்தாலும், டீக்கடையில் பாராட்டியதற்குச் சாட்சி கிடையாது. தாளில் இருப்பதுதான் நிற்கும்.

ஆகவே படிவத்தை ஒழியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு பேச்சு, எவ்வளவு எழுத்து என்ற கணக்கும் இன்னும் பிடிபடவில்லை. குழுவை நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவருடைய குறையைப் படிவத்தில் ஏற்றுமுன் அதை அவரிடம் ஏற்கெனவே நேரில் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டீக்கடைக்கு வராதவர்களிடம் அவர்கள் இருக்கைக்கே போய்ச் சொல்லுங்கள்.