கடைசிப் பந்தியில் யார்?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமய வகுப்பு முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். ஒரு தம்பி மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். கையில் இரண்டு தாள்.

"அண்ணே, அக்கா கல்யாணத்துக்கு ரெண்டு கேட்டரிங்காரங்க விலை கொடுத்திருக்காங்க. ஒருத்தர் தலைக்கு 18 வெள்ளி, எட்டு வகை. இன்னொருத்தர் 28 வெள்ளி, பதினஞ்சு வகை, ஐஸ்கிரீமும் உண்டு. அம்மா பெருசுதான் எடுக்கணும்ங்கறாங்க. அப்பா ஒண்ணுமே பேச மாட்டேங்கறாரு. நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டேன்.

"ஆயிரம்."

பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பி சிரித்துவிட்டார். "டேய், தேவாரம் படிக்கிற இடத்துல பிரியாணி கணக்கா?" என்றார். நான் சிரிக்கவில்லை. இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரம் வெள்ளி. பேசாமல் இருக்கும் அந்த அப்பாவின் மனசுக்குள் அந்தப் பத்தாயிரம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இதுவும் சமயக் கேள்விதான். இந்த மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் வேள்விகளை மூன்று தரமாகப் பிரிக்கிறார். எது தாழ்ந்த வேள்வி, தாமச வேள்வி என்பதற்கு ஐந்து அடையாளம் சொல்கிறார். முறை தவறியது, அன்னம் வழங்கப்படாதது, மந்திரம் இல்லாதது, தட்சிணை கொடுக்கப்படாதது, சிரத்தை இல்லாதது. கவனியுங்கள், மந்திரத்துக்குச் சமமான இடத்தில் அன்னத்தை வைத்திருக்கிறார். நம் திருமணமும் அக்கினி சாட்சியாக நடக்கும் வேள்விதானே? அப்படியானால் பந்தி என்பது சடங்கெல்லாம் முடிந்தபின் வரும் சாப்பாட்டு நேரம் அல்ல. அதுவும் சடங்கின் ஓர் அங்கம். முகூர்த்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் பதறுகிறோம். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதற்கு அப்படிப் பதறுகிறோமா?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் அண்ணன் திருமணம். காலையில் கோயிலில் தாலி கட்டி, வாழை இலையில் சைவச் சாப்பாடு. எல்லாம் நிறைவாக நடந்தது. இரவில் மண்டபத்தில் விருந்து. எண்ணூறு பேருக்குச் சொல்லியிருந்தோம். பதினான்கு வகை, பஃபே முறை. "நாலு பேரு குறை சொல்லக்கூடாது" என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே திட்டம். அதற்காக அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார்.

எட்டரை மணிக்கு வரிசை தொடங்கியது. முதலில் போனவர்கள் பதினான்கு வகையையும் ஒரே தட்டில் அடுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வரிசை அவ்வளவு நீளம், மறுபடி எழுந்து வர யாருக்கும் பொறுமை இருக்காது. ஒன்பதரை மணிக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் தீர்ந்தது. பத்து மணிக்குச் சோற்றுத் தட்டின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. கூட்டம் கலைந்த பிறகுதான் மாலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பளமும் கொஞ்சம் பாயசமும்தான் மிச்சம். நான் கூனிக் குறுகிப் போனேன். அந்தப் பெரியவர் என் தோளைத் தட்டி, "பரவால்ல தம்பி, வீட்டுல ரசம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாதஸ்வரத்தை உறையில் போட்டார்.

அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்பக்கமாகத் திரும்பி வந்தேன். அங்கே ஐந்து பெரிய கறுப்புக் குப்பைத் தொட்டிகள். எல்லாம் நிறைந்திருந்தன. பாதி கடித்த கோழித்துண்டு, தொடாத பிரியாணி, கேசரி. மண்டபத்தைக் கூட்டும் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் சாப்பிடவில்லை.

ஒரே மண்டபம், ஒரே இரவு. முன்னால் பசி, பின்னால் குப்பை. இரண்டுக்கும் சேர்த்து அப்பா நான்கு வருஷம் தவணை கட்டினார்.

இப்போது இன்னொரு விருந்துக்குப் போவோம். பெரியபுராணத்தில் இளையான்குடி மாறநாயனார் வரலாறு. அடியார்களுக்கு அமுதளித்தே செல்வம் கரைந்து போனவர். மழை கொட்டும் ஓர் இருண்ட இரவில், பசியோடு ஓர் அடியார் கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அம்மையார்தான் வழி சொல்கிறார்: பகலில் வயலில் விதைத்த நெல் மழைநீரில் மிதக்குமே, அதை வாரி வாருங்கள் என்று. மாறனார் இருட்டில் கால் தடவித் தடவிப் போய்க் கூடையில் வாரி வருகிறார். விறகு இல்லை. வீட்டுக் கூரை வரிச்சை அறுத்துத் தருகிறார். கறிக்கு ஒன்றும் இல்லை. இன்னும் வளராத இளங்கீரையைப் பிடுங்கி வருகிறார். அந்த ஒரே கீரையை அம்மையார் வேறு வேறு கறிகளாகச் சமைக்கிறார். விருந்தினரை எழுப்பப் போனால், அவர் சோதியாக எழுந்து நிற்கிறார்.

இதை வகுப்பில் சொன்னதும் ஒரு தங்கை கையைத் தூக்கினார். "அண்ணே, மாறநாயனாரும் கடன்பட்டுத்தானே அன்னம் போட்டாரு? அப்போ நாங்க கல்யாணத்துக்குக் கடன் வாங்கினா மட்டும் தப்பா?"

நல்ல கேள்வி. மழுப்பக்கூடாது. ஆமாம், அவரும் கடன்பட்டார். ஆனால் அந்த இரவை நினைத்துப் பாருங்கள். வந்தவர் பசித்திருந்தார். பார்க்க ஊர் இல்லை. போட்டோ எடுக்க ஆள் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே மனசாக முடிவெடுத்தார்கள். அடுப்பில் எரிந்தது அவர்கள் வீட்டுக் கூரை, அடுத்தவர் கூரை அல்ல. நம் இரவு விருந்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பசித்து வருகிறவர்கள் அல்லர். நாம் கடன் வாங்குவது அவர்கள் வயிற்றுக்காக அல்ல, அவர்கள் வாய்க்காக. அதுவும் அப்பாவின் தலையில், அவரிடம் கேட்காமலே. இதற்கு மாறநாயனாரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

திருவள்ளுவரும் இரண்டு பக்கமும் பார்த்தவர். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். விருந்தினர் மனம் அனிச்சப் பூவைவிட மென்மையானது, நம் முகம் கொஞ்சம் மாறினாலே வாடிவிடும் என்றார். அவரேதான் வலியறிதல் அதிகாரத்தில், தன்னிடம் உள்ளதை அளந்து பார்க்காமல் ஊருக்கு வாரி வழங்குகிறவனின் செல்வம் சீக்கிரம் கெடும் என்றும் எச்சரித்தார். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

தைத்திரீய உபநிடதம் அன்னத்தைப் பற்றிச் சில விரதங்களைச் சொல்கிறது. அன்னத்தை இகழக்கூடாது, ஒதுக்கக்கூடாது, பெருக்க வேண்டும், இருக்க இடம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. 'பெருக்கு' என்பதைத் தட்டில் வகைகளைப் பெருக்குவது என்று எடுத்துக்கொண்டோமோ என்னவோ! உண்ணும் வாய்கள் பெருக வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். உங்கள் வீட்டில் கல்யாணமோ, காதணி விழாவோ, பிறந்தநாளோ வந்தால் என்ன செய்யலாம்?

முதலில் தலைக்கணக்கு. தோட்டத்து லயங்களில் நம் தாத்தா பாட்டி கல்யாணம் செய்தபோது வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாக அழைத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை தலை என்று தெரியும். முதல்நாள் இரவு பெண்கள் சேர்ந்து காய் நறுக்க, ஆண்கள் அண்டாவில் கிண்ட, சமைத்தவர்களே பரிமாறவும் செய்தார்கள். இன்று வாட்சாப்பில் அட்டையை அனுப்பிவிட்டு 'ஆயிரம் இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்கிறோம். தம்பி தங்கைகளே, இது உங்கள் வேலை. இரண்டு வாரத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள். "மாமா, எத்தனை பேர் வர்றீங்க? சைவம் எத்தனை? வயசானவங்க வர்றாங்களா?" அழைப்புக்கு அழைப்பும் ஆயிற்று, கணக்குக்குக் கணக்கும் ஆயிற்று. வந்த கணக்கோடு நூற்றுக்குப் பத்து கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, வகை. எட்டு வகையை நன்றாகச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம்மவர்களில் இனிப்பு நீர் எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். மூன்று இனிப்புக்குப் பதில் ஓர் இனிப்பும் நல்ல காய்கறியும் போதும். இஸ்லாமிய நண்பர்களை அழைத்திருந்தால் அவர்கள் தயங்காமல் சாப்பிடும்படி ஹலால் உணவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாட்டிறைச்சி தொடாத நம் வழக்கத்தை அவர்கள் மதிப்பதுபோல அதுவும் ஒரு மரியாதை.

மூன்றாவது, சுத்தம். உணவைக் கையாள்கிறவர்கள் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கேட்டரிங்காரரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்லிக்கொண்டே இருக்கிறது. எட்டு மணி விருந்துக்கு மத்தியானமே சமைத்துக் கொண்டுவந்து வைத்தால் அது அன்னம் அல்ல, ஆபத்து. எத்தனை மணிக்குச் சமைப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

நான்காவது, மிச்சம். வள்ளலார் 1867-இல் வடலூரில் ஏற்றிய அடுப்பு இன்றும் பசித்தவருக்காக எரிகிறது. நம்மால் அடுப்பு ஏற்ற முடியாவிட்டாலும், இருக்கும் சோற்றைக் குப்பையில் கொட்டாமல் இருக்கலாமே! பக்கத்தில் உள்ள இல்லத்துக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். பந்திக்கு வைக்காத சோறு, நேரம் தாண்டுவதற்குள் சுத்தமான பாத்திரத்தில் போய்ச் சேர வேண்டும். கெட்டுப்போகும் நேரத்தில் கொடுப்பது தானம் அல்ல.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் மறக்காதீர்கள். கேட்டரிங் கணக்கில் முதல் வரியாக எழுத வேண்டியது யார் பெயர் தெரியுமா? ஐயர், நாதஸ்வரக்காரர், தவில்காரர், போட்டோகிராபர், பரிமாறுகிறவர்கள், மண்டபம் கூட்டுகிறவர்கள். அவர்களுக்கு இருபது சாப்பாடு தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதைத் திறங்கள். கீதை சொன்ன தட்சிணையும் அன்னமும் இவர்களிடம்தான் ஒன்று சேர்கின்றன. முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை ஊர் பார்க்கும். கடைசிப் பந்தியில் யார் பசியோடு நின்றார்கள் என்பதைச் சாமி பார்க்கும்.

அந்தத் தம்பி வீட்டில் என்ன முடிவானது என்று கேட்கிறீர்களா? போன வாரம் வந்தார். "அண்ணே, போன் போட்டுக் கணக்கெடுத்தோம். அறுநூத்தி இருபது பேருதான். எட்டு வகையே போதும்னு அம்மாவே சொல்லிட்டாங்க" என்றார்.

"அப்பா?" என்றேன்.

"அப்பா இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்காரு. மேளக்காரங்களுக்கு நானே இலை போடறேன்னு சொல்லிட்டாருண்ணே."

அந்தக் கல்யாணம் நல்லபடி நடக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணமும் அப்படியே நடக்கட்டும். எல்லா இலையிலும் சோறு இருக்கட்டும், எந்தத் தொட்டியிலும் சோறு இல்லாமல் இருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.